செட்டிநாட்டு விடுதிச் சைக்கிள்கள்: சாலைக்கு ஒன்பது, வண்டிக்கு ஐந்து

கானாடுகாத்தான், கொத்தமங்கலம், காரைக்குடி வட்டாரத்தில் பழைய நகரத்தார் வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகள் பலவற்றில், முகப்பை ஒட்டி நாலைந்து சைக்கிள் சாய்ந்து நிற்கும். சில இடங்களில் அறை வாடகையிலேயே அடக்கம். சில இடங்களில் மணிக்கணக்கு, அல்லது அரை நாள் கணக்கு. இந்த மதிப்பீடு அந்தச் சேவைக்குத்தான். விடுதிப் பெயர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரே வாசலில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று வெண்ணெய் மாதிரி ஓடும், மற்றது காயலான் கடைக்குக்கூட லாயக்கில்லாமல் இருக்கும். பெயரைப் பார்ப்பதைவிட வண்டியைப் பார்த்து எடுப்பதே பலன்.

பத்துக்கு மதிப்பெண் போட்டால் சாலைக்கு ஒன்பது. வண்டிக்கு, கொடுத்ததை அப்படியே வாங்கி ஏறினால், ஐந்து. கீழே சொல்லும் ஐந்து நிமிடச் சோதனையைச் செய்து எடுத்தால் ஏழுக்கு வரும்.

முதலில் சாலை. பிரான்சில் திராட்சைத் தோட்டங்களின் நடுவே அமைதியான சைக்கிள் பாதை என்றால் பலரும் காட்டுவது பர்கண்டி வட்டாரத்தை. அங்கே போன் (Beaune) என்னும் நகரத்திலிருந்து சாந்தெனே வரை 22 கி.மீ. பாதை, பொமார், வொல்னே, மெர்சோ என்று ஒயின் ஊர்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகிறது. தோட்டத்துக்கு டிராக்டர் போய்வரப் போட்ட வழிகள்தான் அதில் பெரும்பகுதி. டிராக்டரைத் தவிர வேறு வண்டிக்கு அங்கே வேலை இல்லை, அதனால் அமைதி. செட்டிநாட்டின் அமைதிக்குக் காரணம் வேறு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் மட்டும் கதவு திறக்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள், கட்டம் போட்டதுபோல் நேர்நேரான தெருக்கள். நூறு வீட்டுக்கான தெருவில் பத்து வீட்டுப் போக்குவரத்துகூட இருக்காது. 96 ஊர் என்பது பழைய கணக்கு, இன்று எழுபதுக்குச் சற்று மேல்தான். ஊருக்கு ஊர் தூரமும் சைக்கிளுக்கு ஏற்றது: நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊருணி, ஒரு கோயில், ஒரு டீக்கடை. பர்கண்டித் தோட்டங்கள் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் உத்தேசப் பட்டியலுக்குள் வந்ததோடு நிற்கின்றன. அங்கே பச்சையும் வெள்ளையுமான வழிகாட்டிப் பலகையைப் பார்த்தே நாள் முழுக்கப் போகலாம். இங்கே அப்படி ஒரு பலகையும் கிடையாது. வரைபடத்தை நெட் இல்லாமலும் திறக்கும்படி போனில் முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்ற இறக்கம் பற்றிக் கவலையே வேண்டாம். கண்மாய்க் கரை ஏறுவதுதான் இங்கே மலை. இதனால்தான் வண்டித் தேர்வில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கியர் சைக்கிளைப் பார்த்ததும் கை அங்கே போகிறது. கியர் இந்த மண்ணுக்குத் தேவையே இல்லை.

விடுதிகளில் மூன்று வகை வண்டி கிடைக்கும். முதலாவது பழைய கறுப்பு ரோட்ஸ்டர்: 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், பின்னால் கேரியர். இரண்டாவது 26 அங்குல ‘மலை’ சைக்கிள்: தடித்த பட்டன் டயர், முன்னால் மலிவான ஷாக், 18 அல்லது 21 கியர். மூன்றாவது, சில நல்ல இடங்களில் மட்டும், 700சி சக்கரமும் 35 முதல் 40 மி.மீ. டயரும் கொண்ட ஹைபிரிட்.

பராமரித்த ஹைபிரிட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். எடை 14, 15 கிலோதான், உட்காரும் வாட்டமும் சரியாக இருக்கும். அது இல்லாவிட்டால் ரோட்ஸ்டர். மலை சைக்கிள் கடைசி. பட்டன் டயர் தார்ச்சாலையில் ‘ங்ங்’ என்று இரைந்துகொண்டே வரும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். மலிவு ஷாக் குழியில் உதவாது, எழுந்து மிதித்தால் மட்டும் ஆடும். அதைவிட மோசம் பின் டிரெயிலர் (derailleur), அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் கியர்க் கருவி. வண்டி ஒருமுறை வலப்பக்கம் விழுந்திருந்தால் போதும், டிரெயிலர் மாட்டும் காது வளைந்திருக்கும். பெரிய பல்லுக்கு மாற்றும்போது டிரெயிலர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கினால் ஊர் திரும்புவது ஆட்டோவில்தான்.

ரோட்ஸ்டர் இருபது கிலோவைத் தொடும், அது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குச் சுமார் ஐந்தரை மீட்டர். நிமிடத்துக்கு 50 சுற்று, அதாவது பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம், மணிக்கு 16 கி.மீ. தருகிறது. சமதளத்தில் வேறென்ன வேண்டும்? செயின் கவருக்குள் செம்மண் தூசி போகாது, வேட்டி, சுடிதார் மாட்டாது. முக்கியமாக, 28 அங்குல டியூபும் பிரேக் கட்டையும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 700சி டியூபைச் சிற்றூரில் எதிர்பார்க்காதீர்கள். ஹைபிரிட் எடுத்தால் உதிரி டியூப் ஒன்றை விடுதியிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இல்லை என்றால் அந்த வண்டியோடு பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகவேண்டாம்.

இனி சோதனை. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2, 3 மி.மீ.க்கு மேல் அலைந்தால் கோட்டம் எடுக்காத வீல். கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உட்பக்கம் பிடிப்பதால், கோட்டமான வீலில் பிரேக் ஒருபக்கம் உரசும், பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காது. அடுத்தது சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. ‘டக்டக்’ என்றால் அச்சில் பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை, விடுதி ஆளிடமே சொல்லலாம். பிறகு பெடல் கட்டையை இரண்டு பக்கமும் அமுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘கடக்’ வந்தால், பெடல் கட்டையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் காட்டர் பின் நழுவினால் நடுவழியில் பெடல் கட்டை அச்சில் சுழன்றுவிடும், சுத்தியலும் புதுப் பின்னும் இல்லாமல் சரியாகாது.

செயினைக் கீழ்ப்புறம் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஆடலாம். மூன்று சென்டிமீட்டர் ஆடினால் வேகத்தடையில் கழன்றுவிடும், முழுக் கவர் வண்டியில் அதை மாட்டுவதற்குள் விடிந்துவிடும். சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் சரி. விடுதிச் சைக்கிள்களின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. வந்தவர் எல்லாருக்கும் ஒரே உயரம். சீட் குழாய் துருவேறிப் பிடித்துக்கொண்டு ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. முந்தின நாள் சாயங்காலமே சொல்லி, எண்ணெய் விட்டு ஊறவைக்கச் சொன்னால் காலையில் நகரும். தாழ்ந்த சீட்டில் இருபது கிலோமீட்டர் மிதித்தால் மறுநாள் முழங்கால் அதைச் சொல்லும்.

காற்று. ரோட்ஸ்டர் டயருக்கு 45 முதல் 50 பி.எஸ்.ஐ., ஹைபிரிட்டின் 38 மி.மீ. டயருக்கு எழுபது கிலோ ஆள் என்றால் 50 முதல் 55. கிராவல் ரோட்டில் நிறையப் போவதாக இருந்தால் பத்து குறைத்துக்கொள்ளலாம். ரோட்ஸ்டரில் வால்டியூப், அதாவது வால்வில் காற்றைத் தடுத்து நிறுத்தும் சின்ன ரப்பர் குழாய், வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை என்றால் பஞ்சரைத் தேடுமுன் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். ஹைபிரிட்டில் பைக் வால்வு இருந்தால் நல்லது, எந்த டூவீலர் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் மாற்றுக் கொண்டை (அடாப்டர்) ஒன்று சட்டைப்பையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றாலும் பயனில்லை.

எங்கே போவது என்பதற்கு விடுதிகள் தரும் பதில் பொதுவாக ஆத்தங்குடி. தப்பில்லை. கானாடுகாத்தானிலிருந்து மேற்கே ஒரு வழி ஏறக்குறைய 10 கி.மீ. பொட்டலும் பனையும் கண்மாயுமாகக் கிடக்கிற வழி. அங்கே கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, முதுகில் மணல்–சிமெண்ட் கலவையை அமுக்கி எடுக்கும் கல் தயாரிப்பை நின்று பார்க்கலாம். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பு தருகிறது, அதற்குச் சூளை தேவையில்லை. வாங்கிய கல்லைக் கேரியரில் கட்டிக்கொண்டு வரவேண்டாம், முதல் வேகத்தடையிலேயே மூலை உடையும்.

ஆனாலும் முதல் நாளுக்கு இதைவிடச் சிறந்தது தெற்குப் பக்கம். கானாடுகாத்தான் அரண்மனைத் தெருக்களைச் சுற்றிவிட்டு, செட்டிநாடு ரயில் நிலையம் எட்டிப் பார்த்து, கொத்தமங்கலம், பள்ளத்தூர் வழியாகக் கோட்டையூர். போய்வர ஏறக்குறைய 20 கி.மீ. ஊருக்குள் நுழைந்ததும் பெரிய தெருவை விட்டுவிட்டு அதற்கு இணையான பின் தெருவில் திரும்புங்கள். முகப்பு வரிசையில் சுதை வேலையும் கஜலட்சுமியும் என்றால், பின் வரிசையில் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டுச் சுவர்கள் நீளமாக ஓடும். நிழலும் அந்தப் பக்கம்தான். காரைக்குடியில் தங்கியிருந்தால் மாத்தூர், இலுப்பைக்குடி என்று ஒன்பது நகரக் கோயில்களில் இரண்டை ஒரே காலையில் முடிக்கலாம். கோயில் நடை மதியம் சாத்திவிடும். அரைக்கால் சட்டையில் போகிறவர்கள் ஒரு வேட்டியைக் கேரியரில் மடித்து வைத்துக்கொள்ளவும்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பக்கம் சைக்கிளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுற்றுலா வேனும் டவுன் பஸ்ஸும் ஓயாது. சங்கடஹர சதுர்த்தி, கார்த்திகை நாள்களில் கேட்கவே வேண்டாம். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் குன்றக்குடி வழியாகத்தான் போகிறார்கள், அப்போது சாலை அவர்களுடையது. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் திருப்பத்தூர்ச் சாலையையே மறந்துவிடுங்கள். எந்த வழியிலும் திருச்சி–இராமேசுவரம் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வரைபடம் ‘குறுகிய வழி’ என்று அதில் ஏற்றிவிடப் பார்க்கும்.

நேரம்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சரியான பருவம். காலை ஆறரைக்குக் கிளம்பி பத்துக்குள் திரும்பிவிடவேண்டும். ஏப்ரல், மே மாதம் விடுதியில் சைக்கிளைக் கொடுத்தாலும் ஒன்பது மணிக்கு மேல் வாங்காதீர்கள். ஆகவே முழு நாள் வாடகை வீண் செலவு, அரை நாள் கணக்கே போதும். தை மாதம் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். காரைக்குடியில் தொடங்கி வடக்கே கானாடுகாத்தானுக்குப் போனால் தெம்பாக இருக்கும்போது எதிர்காற்று, களைத்தபின் முதுகுக் காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று, அப்போது ஆத்தங்குடி வழி சௌகரியம். போகும்போது முட்டும், வரும்போது தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைப்பாலங்களில் தண்ணீர் வழியும். கணுக்கால் அளவு என்றாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அடியில் பாசி.

இந்தச் சாலைகளில் வண்டியை மடக்கிப் போடுவது முள்தான். சீமைக்கருவேல முள் ஒன்றரை அங்குல டயரையும் துளைத்து டியூபின் அடுத்த பக்கம் வரை போகும். நெருஞ்சி இன்னும் வஞ்சகமானது, தார் ஓரத்து மண்ணில் தெரியாமல் கிடந்து, ஒரே உருட்டில் நாலைந்து ஓட்டை போடும். எதிரே பஸ் வருகிறதென்று ஓரம் இறங்கினால் திரும்ப ஏறியதும் நின்று, டயரை உள்ளங்கைத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். முள் ஏறிய உடனே எடுத்தால் பாதிக்குமேல் டியூப் தப்பிவிடும். கருவேல நிழலில் வண்டியை நிறுத்தக்கூடாது. திறந்த வெயிலிலும் நிறுத்தக்கூடாது, சூட்டில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறி, பக்கச் சுவர் வெடித்த பழைய டயர் அங்கேயே பிளக்கும். வேப்பமரம், புளியமரம் பாருங்கள்.

பஞ்சர் ஒட்டும்போது இங்கே அதிகம் தோற்பது இரண்டு காரணத்தால். ஒன்று, ஒரு ஓட்டையைக் கண்டதும் ஒட்டிவிட்டு, முள் ஊடுருவிய எதிர்ப்பக்கத்து ஓட்டையைப் பார்க்காமல் விடுவது. மற்றது, சொலுசன் ஈரம் காயுமுன் ஒட்டுவது. தேய்த்து, மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை மூன்று நான்கு நிமிடம் விட்டு, அப்புறம்தான் ஒட்டை வைத்து அழுத்தவேண்டும். ஈரமாக ஒட்டியது மதியச் சூட்டில் கழன்று வரும். டயருக்குள் விரல்விட்டுத் தடவி முள்முனை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் டியூபை ஏற்றினால் அடுத்த ஊரில் மறுபடி இதே வேலை.

அறுப்புக் காலத்தில் இன்னொன்று. சாலையிலேயே நெல்லையும் உளுந்தையும் காயப்போட்டு, வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். நெல்மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும், விவசாயியிடம் திட்டும் கிடைக்கும். பக்கத்தில் விட்டிருக்கும் ஒற்றையடியில் போங்கள். வைக்கோல் கியர் வண்டியின் டிரெயிலர் உருளையில் சுற்றிக்கொள்ளும். சுற்றியதும் மிதிப்பதை நிறுத்திக் கையால் எடுக்கவேண்டும், அழுத்தி மிதித்தால் டிரெயிலர் காது முறியும். ரோட்ஸ்டருக்கு இந்தத் தொல்லையும் கிடையாது. ஊர் எல்லையில் நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, வண்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு நடந்தால் இரண்டு வீடு தாண்டியதும் விட்டுவிடும். ஆட்டு மந்தைக்கு மணி அடிக்கவேண்டாம், ஒதுங்கி நின்றால் கீதாரியே வழி விடுவார்.

சேவை என்று பார்த்தால் விடுதிகள் கோட்டைவிடும் இடம் சில்லறைச் சாமான்கள். பர்கண்டியில் வண்டி எடுத்தால் பூட்டு, பம்பு, பஞ்சர் பை, தலைக்கவசம் கேட்காமலே வருவது சகஜம். அடுத்த ஊர் விடுதிக்குப் பெட்டியை வேனில் அனுப்பும் வசதியும் உண்டு. இங்கே பூட்டு கேட்டால் கிடைக்கும். பம்பு பெரும்பாலும் வாட்ச்மேன் அறையில் இருக்கும், வண்டியோடு வராது. தலைக்கவசம் இருந்தால் அதிர்ஷ்டம். சொந்தமாகக் கொண்டுவாருங்கள், கூடவே ஒரு சின்னப் பம்பும் டயர் லீவர் இரண்டும். கூட ஒரு ஆளை அனுப்பும் விடுதிகளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரலாம். வழி காட்டுவதற்காக இல்லை, பூட்டிய வீட்டுக் காவல்காரரிடம் ‘அண்ணே, நம்ம வீட்டு விருந்தாளிக, பட்டாலை வரைக்கும் பார்த்துட்டு வந்துருவாக’ என்று சொல்லித் திறக்கவைப்பது அவரால்தான் முடியும்.

தண்ணீர் குளிர்காலத்தில் மணிக்கு முக்கால் லிட்டர், வெயில் ஏறினால் ஒரு லிட்டர். விடுதிக் காலைச் சாப்பாட்டை முழுசாக முடித்துவிட்டு ஏறினால் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு இட்லியோடு கிளம்பி, வந்து சாப்பிடுவதே வசதி. தையில் வழியெல்லாம் பனங்கிழங்கு கிடைக்கும், இரண்டு கிழங்கு ஒரு மணி நேரம் தாங்கும். பர்கண்டிக்காரர்கள் நடுவழியில் ஒயின் ருசி பார்க்கிறார்கள் என்று பொறாமைப்படத் தேவையில்லை.

சொந்த வண்டியோடு வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் தோதானது. எழும்பூரிலிருந்து வந்து காரைக்குடியிலேயே முடிவதால் லக்கேஜ் வேனிலிருந்து இறக்க அவசரமில்லை. பார்சல் ஆபீசுக்கு முன்கூட்டியே போய், டிக்கெட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளவேண்டும். பின் டிரெயிலரைக் கழற்றி துணியில் சுற்றி பிரேமுக்குள் கட்டிவிடுங்கள், ஹேண்டிலைத் திருப்பிவிடுங்கள், பெடலைக் கழற்றுங்கள். இடது பெடல் மரை தலைகீழ், கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். ரயில் இரவில் வந்து சேருவதால், மாட்டும் வேலையை நடைமேடையில் வைத்துக்கொள்ளாமல், விடுதிக்கு ஆட்டோவில் ஏற்றிப் போய் விடியற்காலையில் வெளிச்சத்தில் செய்வது உசிதம்.